குளத்தில் ஒரு கடல் முள்

“அவன்ர முகத்தில முழிக்காமல் தப்ப ஒரு வழி சொல்லு, பிள்ளை.”

மரியநாயகம் குளக்கரையில் நின்றபடியே கேட்டார். உட்காரவில்லை.  

நிரஞ்சலா கரையில் இருந்த சின்ன அடுப்பில் தேத்தண்ணீர்க் கேத்தலை வைத்தாள்.

“ஆர்ர முகத்தில, அண்ணை?”

“தம்பியின்ர.”

“எப்ப வாறார்?”

“நாளைக்குக் காலமை இறங்கிறான். நாளையிண்டைக்குப் பேத்திக்கு ஞானஸ்நானம். அவன்தானாம் ஞானத் தகப்பன்.”

“நல்லது.”

“என்ன நல்லது? நான் போகமாட்டன் எண்டு சொல்லிப்போட்டன். மகள் சொல்லுறாள், ஞாயிறு வராட்டிப் பிறகும் வரவேண்டாமாம்.”

“சும்மா சொல்லியிருப்பா.”

“என்ர மகள் சும்மா சொல்லமாட்டாள். என்ர மகளெல்லோ.”

நிரஞ்சலா சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

அந்தக் குளம் இங்கிலாந்தில் ஒரு சின்ன நகரத்துக்கு வெளியே இருந்தது. வீடு கட்டச் சரளைக் கல் அள்ளிய குழி. அள்ளி முடிந்ததும் தண்ணீர் நின்றது. தண்ணீரில் யாரோ கெண்டை விட்டார்கள். கெண்டை வளர்ந்து கைக்குழந்தை கனம் வந்தது.

நிரஞ்சலா அந்தக் குளத்துக்குக் காவல். பச்சைக் கோட்டும் றப்பர் சப்பாத்துமாகக் கரையைச் சுற்றி வருவாள். வயதில் மரியநாயகத்தின் மகளுக்கு அக்கா மாதிரி. ஆனாலும் நகரத்துத் தமிழ்ச் சனம் அவளைத் தேடி வரும். புருசனைப் பற்றி, மாமியைப் பற்றி, வராத நித்திரையைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போகும்.

அவள் புத்தி சொல்லமாட்டாள். அதற்காகத்தான் வந்தார்கள். புத்தி சொல்ல ஒவ்வொரு வீட்டிலும் ஆள் இருக்கிறது.

“தம்பி என்ன செய்தவர்?” என்று கேட்டாள்.

“கரையில விட்டிட்டுப் போனவன்.”

போர் யாழ்ப்பாணத்தில் அவர்கள் ஊருக்குள் வந்த நாள். தம்பி ஜெறோமின் படகில் இரண்டு குடும்பமும் ஏறுவதாகப் பேச்சு. மரியநாயகம் மனைவி றெஜினாவையும் கைக்குழந்தையாக இருந்த மகளையும் கூட்டிக்கொண்டு கரைக்கு ஓடி வந்தபோது, படகு தூரத்தில் புள்ளியாகத் தெரிந்தது. றெஜினா துவாய்த் துணியை ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டாள். படகு திரும்பவில்லை.

பிழைத்துவிட்டீர்கள்தானே என்பார்கள். பிழைத்தது வேறு. விட்டுப் போனது வேறு.

“றெஜினா பிறகு அவனோட போனில கதைச்சவள்,” என்றார். “எனக்குத் தெரியாமல். குசினிக்குள்ள, அடுப்படியில நிண்டு சிரிச்சுச் சிரிச்சு. மகளுக்குப் பிள்ளை பிறந்தால் நீதான் ஞானத் தகப்பன் எண்டு வாக்கும் குடுத்திட்டாள். குடுத்திட்டுச் செத்தும் போனாள். இனி ஆரோட நான் சண்டை பிடிக்க?”

கேத்தல் கொதித்தது. அவர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

“தேத்தண்ணி, அண்ணை.”

“வேண்டாம். வழி சொல்லு.”

நிரஞ்சலா கரையில் கிடந்த ஒரு தூண்டில் தடியை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

“ஒரு மீன் பிடியுங்கோ. பிறகு சொல்லுறன்.”

“என்ன?”

“ஒரு கெண்டை. பிடிச்சால் சொல்லுறன்.”

மரியநாயகம் தடியைப் பார்த்தார். பிறகு குளத்தைப் பார்த்தார்.

“பிள்ளை, நான் பாசையூரான். கடலில பிறந்தவன். இந்தக் கிடங்குக் குழித் தண்ணியில மீன் பிடிச்சுக் காட்டச் சொல்லுறியோ?”

“ஓம்.”

“பிடிச்சால் கொண்டுபோகலாமோ?”

“ஏலாது. படம் எடுத்திட்டு விடவேணும்.”

“தின்னவும் ஏலாது. விக்கவும் ஏலாது. பிறகென்ன மண்ணுக்குப் பிடிக்கிறது?”

அவள் புல்லில் ஒரு மெத்தையை விரித்து அதன் மேல் தண்ணீர் ஊற்றினாள்.

“இது ஆருக்கு?”

“மீனுக்கு. தூக்கினால் இதிலதான் கிடத்தவேணும். தரையில போட்டால் செதிள் உரிஞ்சுபோம்.”

“மெத்தையோ!” மரியநாயகம் வானத்தைப் பார்த்தார். “என்ர அம்மா என்னைப் பெத்தது சாக்கில.”

“அதுதான் இவ்வளவு முறைப்பாடு.”

அவள் முள்ளைக் கட்டிக் கொடுத்தாள். மாவும் முட்டையும் பிசைந்து அவித்த உருண்டை ஒன்று இரையாகத் தொங்கியது. மரியநாயகம் முள்ளை விரல் நுனியில் வைத்துத் தடவினார். கூருக்குப் பின்னால் இருக்கவேண்டிய எதிர்ப்பல் இல்லை. குறட்டால் நசுக்கித் தட்டையாக்கியிருந்தது.

“இது பழுதாப் போன முள்ளு.”

“நான்தான் நசுக்கினனான். இந்தக் குளத்தில அதுதான் சட்டம்.”

“எதிர்ப்பல் இல்லாட்டி மீன் நிக்குமோ?”

“நூலை இறுக்கி வச்சிருந்தால் நிக்கும். இளக்கினால் கழண்டிடும்.”

“கழண்டால்?”

“மீனுக்கு நல்லது.”

அவர் தலையை ஆட்டினார். தூண்டிலை வீசினார். அவள் தடியை ஒரு தாங்கியில் படிய வைத்தாள். தாங்கியில் ஒரு சின்னப் பெட்டி இருந்தது. மீன் இழுத்தால் அது கத்தும் என்றாள்.

அதன் பிறகு ஒன்றும் நடக்கவில்லை.

மரியநாயகம் பெட்டியைப் பார்த்தார். பெட்டி பேசவில்லை. சட்டைப் பையில் போன் நடுங்கியது. மகளின் பெயர். எடுக்கவில்லை.

தூண்டிலைச் சுருட்டி எடுத்துப் பார்த்தார். இரை அப்படியே இருந்தது. திரும்ப வீசினார்.

கொஞ்ச நேரத்தில் மறுபடி சுருட்டினார். இரை அப்படியே இருந்தது. வீசினார்.

மறுபடியும்.

“அண்ணை.”

“என்ன?”

“பாத்துப் பாத்து எடுத்தால் மீன் எப்ப வாறது?”

“இரை விழுந்திட்டுதோ எண்டு பாத்தனான்.”

“விழேல்லை.”

“விழுந்திருந்தால்?”

“அப்ப விழுந்திருக்கும்.”

போன் மறுபடி நடுங்கியது. கோட்டைக் கழற்றினார். போனை அதற்குள் வைத்துச் சுற்றி, தூரத்தில் ஒரு மரத்தடியில் கொண்டுபோய்ப் போட்டார். திரும்பி வந்து நின்றார். போன் நடுங்குவது அங்கிருந்தும் கேட்பது போல இருந்தது.

நாளைக் காலை. விமான நிலையத்தின் கதவு திறக்கும். ஜெறோம் வருவான். மயிர் நரைத்திருக்கும். சிரிப்பு நரைத்திருக்காது. அண்ணை என்பான். எல்லாரும் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.



நிரஞ்சலா மறுகரையைப் பார்த்துவரப் போனாள். அவள் பச்சைக் கோட்டு மரங்களுக்குப் பின்னால் மறையும்வரை அவர் காத்திருந்தார்.

பிறகு காருக்குப் போனார். பின் இருக்கைக்குக் கீழே அவருடைய தகர டப்பா கிடந்தது. எப்போதாவது கடற்கரைக்குப் போனால் தூண்டில் போட வைத்திருந்தது. அதிலிருந்து ஒரு முள்ளை எடுத்தார். கடல் முள். கூருக்குப் பின்னால் எதிர்ப்பல் நெல்மணி போல நிமிர்ந்து நின்றது.

நசுக்கின முள்ளை வெட்டி எறிந்துவிட்டு அதைக் கட்டினார்.  முடிச்சு ஒரே தரத்தில் இறுகியது. முடிச்சுப் போட அவருக்குக் கண்ணும் தேவையில்லை.

வீசினார்.

நிரஞ்சலா திரும்பி வந்து குந்தினாள். கொஞ்ச நேரத்தில் பெட்டி கத்தியது.

மரியநாயகம் பாய்ந்து தடியைப் பிடித்தார். தடி வில்லாக வளைந்தது. நூற்சுருள் கிர்ரென்று சுற்றியது. நூல் போய்க்கொண்டே இருந்தது.

“ஓட விடுங்கோ, அண்ணை! களைச்சு வரும். ஓட விடுங்கோ!”

“ஓட விட்டால் போயிடும்!”

“போகாது!”

“போயிடும்!”

அவர் சுருளை உள்ளங்கையால் அமுக்கிப் பிடித்தார். நூல் கையை அறுத்தது. விடவில்லை. கடலில் பிடித்ததை விட்டவர் அல்ல.

தடி நிமிர்ந்தது.

நூல் தடியின் நுனியிலேயே அறுந்திருந்தது. மிச்ச நூல் முழுவதும் மீனோடு போனது. நடுக் குளத்தில் ஒரு மண் திட்டு இருந்தது. அதில் ஒரு மரம் தண்ணீருக்குள் சாய்ந்து கிடந்தது. நூல் அந்தப் பக்கமாகப் பாம்பு போலப் போய் மறைந்தது.

“அங்கதான் போகும்,” என்றாள் நிரஞ்சலா. “பயந்தால் எல்லாம் அந்தக் கொப்புக்குள்ளதான் போகும்.”

“போகட்டும். வேற பிடிக்கிறன்.”

“பறவாயில்லை. என்ர முள்ளுத்தானே. கொஞ்சத்தில தானாக் கழண்டு விழுந்திடும்.”

மரியநாயகம் அறுந்த நூலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“அண்ணை.”

அவர் நூலை விரலில் சுற்றினார்.

“என்ர முள்ளுத்தானே?”

“என்ர.”

“எதிர்ப்பல் இருக்கோ?”

“இருக்கு.”

நிரஞ்சலா எழுந்தாள். அவள் முகத்தில் சிரிப்பு இருந்த இடம் தெரியவில்லை.

“அது கழராது.”

“கழராமல் இருக்கத்தானே முள்ளு.”

“நூல் கொப்பில சுத்தும். சுத்தினால் மீன் அசையேலாது. அப்பிடியே நிண்டு சாகும்.”

“ஒரு மீன்தானே, பிள்ளை.”

அவள் கரையில் கவிழ்ந்து கிடந்த சின்னத் தோணியைத் தனியாகப் புரட்டத் தொடங்கினாள். முடியவில்லை. மறுபடி முயன்றாள்.

மரியநாயகம் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு போய் ஒரு பக்கத்தைத் தூக்கினார்.

துடுப்பை அவளிடமிருந்து வாங்கினார். தோணி நேராகப் போனது. 

“நல்லாத் துடுப்பு வலிக்கிறியள்.”

“ம்.”

“தம்பியும் நல்லா வலிப்பாரோ?”

“அவன்ர கதையை எடாதை.”

 துடுப்பை இன்னும் வேகமாகப் போட்டார்.

“என்னைவிட நல்லா வலிப்பான்,” என்றார் மரியநாயகம்.

திட்டுக்குப் பக்கத்தில் தண்ணீர் கறுத்துக் கிடந்தது. சாய்ந்த மரத்தின் கொப்புகள் அடியில் விரல் விரலாகத் தெரிந்தன. நிரஞ்சலா குப்புறப் படுத்துத் தண்ணீருக்குள் பார்த்தாள். ஒரு பக்கம். மற்றப் பக்கம்.

“காணேல்லை.”

“வேற எங்கையும் போயிருக்கும்.”

“இல்லை. இஞ்சதான்.”

அவரும் குனிந்து பார்த்தார். தண்ணீரில் தன் முகம்தான் தெரிந்தது. கையால் அதைக் கலைத்தார். கீழே ஏதோ மஞ்சளாக அசைந்தது.

கெண்டை பக்கவாட்டில் சரிந்து கிடந்தது. நூல் கொப்பைச் சுற்றி, முதுகுச் செட்டையைச் சுற்றி, மறுபடி கொப்பைச் சுற்றியிருந்தது. செவுளின் பூ மட்டும் திறந்து மூடியது. மெதுவாக.

“உயிர் இருக்கு,” என்றாள்.

மரியநாயகம் சப்பாத்தைக் கழற்றினார்.

“அண்ணை, குளிர். உங்களுக்கு வயசு.”

“வாயை மூடு.”

இறங்கினார். தண்ணீர் நெஞ்சுக்கு வந்தது. மூச்சு ஒரு கணம் நின்று திரும்பி வந்தது. காலடியில் சேறு இழுத்தது. கையை விட்டுத் துழாவினார். நூல் கையில் பட்டது.

“கத்தி.”

அவள் கத்தியை நீட்டினாள். அவர் நூலை ஒவ்வொரு சுற்றாக அறுத்தார். பிறகு இரண்டு கையாலும் மீனை ஏந்தினார். கனமாக இருந்தது. துள்ளவில்லை. துள்ளாத மீனை உயிரோடு அவர் கையில் வைத்திருந்ததே இல்லை.

அதன் வாய் ஓரத்தில் கடல் முள் ஏறியிருந்தது.

“அப்பிடியே விடட்டோ?” என்றார். “நூல் அறுத்தாச்சு. நீந்திப் போகும்.”

“போகும். முள்ளும் போகும்.”

“எத்தினை நாளைக்கு?”

“கன வருசம் முள்ளோட திரிஞ்ச மீன் பாத்திருக்கிறன்.”

“தின்னுமோ?”

“தின்னும். ஒவ்வொரு வாய்க்கும் குத்தும்.”

மரியநாயகம் முள்ளின் தண்டைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். எதிர்ப்பல் சதையைக் கவ்வியது. மீன் முழு உடம்பாலும் உதறியது. வால் அவருடைய தாடையில் அடித்தது. இரத்தம் தண்ணீரில் பரவியது.

“இழுக்காதையுங்கோ! கிழியும்!”

“பிறகு எப்பிடி எடுக்கிறது?”

“உங்களுக்குத் தெரியாதோ?”

“நாங்கள் எடுத்துத் திரும்ப விடுற சாதி இல்லை. மண்டையில ஒண்டு போட்டால் முள்ளை எப்பிடி எடுத்தால் என்ன?”

“உங்கட கையில ஏறினால்?”

மரியநாயகம் நின்றார்.

கையில் ஏறினால் என்ன செய்வது என்று தெரியும். இழுக்கக் கூடாது. முன்னால் தள்ளவேண்டும். ஏறின வழியிலேயே இன்னும் உள்ளே. கூர் மறுபக்கத் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வரவேண்டும். எதிர்ப்பல் வெளியே தெரிந்ததும் அதைக் குறட்டால் வெட்டவேண்டும். அதன் பிறகு முள் தானாகவே திரும்பி வரும்.

அவருக்கு ஒருமுறை ஏறியிருந்தது. பெருவிரலில். நடுக் கடலில்.

“ஜெறோம்தான் தள்ளினவன்,” என்றார்.

நிரஞ்சலா தோணிக்குள் இருந்த சாமான் பெட்டியில் குறட்டைத் தேடினாள்.

“வேண்டாம் வேண்டாமெண்டு கத்தினனான். தூசணத்தில பேசினனான். அவன் என்ர மூஞ்சையைப் பாக்கேல்லை. கையை மடியில வச்சு அமத்திக்கொண்டு தள்ளினவன்.”

மீனின் பூ மூடியது. நேரம் கழித்துத் திறந்தது.

“அண்ணை.”

“தள்ளினால் வலிக்காதோ இதுக்கு?”

“வலிக்கும்.”

“கனக்க வலிக்குமோ?”

“எனக்கென்ன தெரியும்? நான் மீனோ?”

“இழுத்தால்?”

“அதுவும் வலிக்கும். முள்ளும் வராது.”

அவர் மீனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். தண்டைப் பிடித்தார். பெருமூச்சு விட்டார். தள்ளினார்.

மீன் உதறியது. அணைப்பை விடவில்லை. தோல் புடைத்தது. கூர் வெளியே வந்தது. அதன் பின்னால் எதிர்ப்பல்.

“குறடு!”

குறட்டை அவர் கையில் திணித்தாள். வெட்டினார். டக்கென்று ஒரு சத்தம். அவ்வளவுதான். முள் வெண்ணெயிலிருந்து ஊசி வருவது போலத் திரும்பி வந்தது.

நிரஞ்சலா ஒரு சின்னப் போத்தலிலிருந்து காயத்தில் மருந்து விட்டாள். வாயை மெல்லத் திறந்து மற்றப் பக்கமும் பார்த்தாள். அங்கே பழைய வடு ஒன்று இருந்தது. அதற்கும் ஒரு துளி விட்டாள்.

“அது நான் செய்யேல்லை,” என்றார் அவசரமாக.

“ஆர் சொன்னது நீங்கள் எண்டு?”

“பிறகு ஆர் செய்தது?”

“தெரியாது. பிடியுங்கோ. நேரா நிமித்திப் பிடியுங்கோ. தானாப் போகும்வரைக்கும் விடாதையுங்கோ.”

பிடித்தார். குளிரில் பல் கிட்டியது. கால் மரத்தது. மீன் அவர் கையில் பாரமாகக் கிடந்தது. போகவில்லை.

“செத்துப்போச்சோ?”

“இல்லை.”

“செத்துப்போச்சு, பிள்ளை.”

“பொறுங்கோ.”

“என்ர கையில செத்துப்போச்சு...”

வால் அசைந்தது. ஒருமுறை. கையிலிருந்த பாரம் திடீரென்று இல்லாமல் போனது. தண்ணீர் மட்டும் சுழன்றது.

அவர் வெறுங்கையை ஏந்தியபடி கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

கரைக்கு வந்ததும் நிரஞ்சலா அவருக்கு ஒரு போர்வையைக் கொடுத்தாள். தேத்தண்ணீர் ஊற்றினாள். இந்த முறை வேண்டாம் என்று சொல்லவில்லை. கோப்பை பல்லில் இடித்தது.

“அண்ணை, இனி இந்தக் குளத்தில நீங்கள் தூண்டில் தொடேலாது.”

“விளங்குது.”

“சட்டம் சட்டம்தான்.”

“விளங்குது எண்டுறன்.”

இரண்டு பேரும் குடித்தார்கள்.

“நான் கேட்டதுக்கு நீ மறுமொழி சொல்லேல்லை,” என்றார் மரியநாயகம்.

“மீன் பிடிச்சால் சொல்லுறன் எண்டனான். நீங்கள் எங்க பிடிச்சனீங்கள்?”

அவர் அவளை முறைத்தார். அவள் குறட்டைத் துடைத்துப் பெட்டியில் வைத்தாள்.

மரத்தடியில் கோட்டு நடுங்கியது.

மரியநாயகம் போர்வையோடு எழுந்து போனார். போனை எடுத்தார். விரல் விறைத்து, இரண்டு முறை தவறித்தான் அமுக்க முடிந்தது.

“அப்பா! எங்க நிக்கிறியள்? எத்தினை தரம் அடிக்கிறது?”

“குளத்தடியில.”

“என்ன குரல் நடுங்குது? சுகமில்லையோ?”

“குளிர். அவன் எத்தினை மணிக்கு இறங்கிறான்?”



“ஆர்?” என்றாள் மகள்.

“எத்தினை பேர் வருகினம் உனக்கு? உன்ர சித்தப்பன்.”

“காலமை ஏழு மணிக்கு. றொனி போறார், கூட்டிக்கொண்டுவர.”

“மருமகனை வீட்டில நிக்கச் சொல்லு. நான் போறன்.”

“அப்பா...” மகளின் குரல் பயந்தது. “அங்க வச்சுச் சண்டை பிடிக்கவோ?”

“தெரியாது.”

“எல்லாத்தையும் மறந்திட்டியளோ?”

“ஒண்டையும் மறக்கேல்லை.”

“அப்ப ஏன் நீங்கள் போகவேணும்?”

மரியநாயகம் போர்வையை இறுக்கிக்கொண்டார்.  

“எயாப்போட்டில இருந்து வீட்டை வர ஒரு மணித்தியாலம் எடுக்குமெல்லோ,” என்றார். “காரில நாங்கள் ரெண்டு பேரும்தான். ஏன் எங்களுக்காக நிக்கேல்லை எண்டு நான் அவனைக் கேக்கவேணும். இவ்வளவு காலமும் நான் அதைக் கேக்கேல்லை, பிள்ளை.”